கோவாவில் ஜெயித்த இரட்டை இலை

இரட்டை இலை முதன்முதலில் ஜெயித்தது எங்கே என்று கேட்டால், நம் வயதுக்காரர்கள் யாரும் யோசிக்காமல் திண்டுக்கல் என்பார்கள். 1973 மே மாதம், மாயத்தேவர், எம்.ஜி.ஆர். கட்சி தொடங்கி ஏழே மாதம். தமிழ்நாட்டுக் கணக்கில் அது சரிதான். ஆனால் அதற்கு ஆறு வருடம் முன்பே, 1967 ஜனவரி 16-ஆம் தேதி, இரட்டை இலை கோவாவில் ஜெயித்திருக்கிறது. அங்கே அது எந்தக் கட்சியின் சின்னமும் அல்ல, எந்த வேட்பாளரின் சின்னமும் அல்ல. ஒரு கேள்விக்கான பதிலின் சின்னம்.

கேள்வி இதுதான்: கோவா மகாராஷ்டிரத்தோடு இணைய வேண்டுமா, அல்லது மத்திய ஆட்சிப் பகுதியாகத் தனியே இருக்க வேண்டுமா? இணைய வேண்டும் என்பவர்களுக்குப் பூ. தனியே இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இரட்டை இலை.

அந்த ஜனவரியில் நமக்கு இது எதுவும் காதில் விழவில்லை. விழுந்திருக்கவும் முடியாது. ஜனவரி 12-ஆம் தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு அவர் இருக்கும் போஸ்டர் சுவரெல்லாம் ஒட்டப்பட்டது. ரூபாய்க்கு எத்தனை படி அரிசி என்ற பேச்சு டீக்கடைதோறும். எனக்கு அப்போது பதினாறு வயது, ஓட்டு வயதோ இருபத்தொன்று. ஆனாலும் ஊரில் எங்களை விட அதிகம் கத்தியவர்கள் கிடையாது. கோவா என்றால் போர்த்துக்கீசியர், 1961, ராணுவம் போய் மீட்டது. அத்தோடு எங்கள் பாடம் முடிந்துவிட்டது.

பிற்பாடு வங்கி வேலையில் மூன்று வருடம் மட்காவில் இருந்தபோதுதான் இந்தக் கதையைத் துண்டு துண்டாகக் கேட்டேன். அங்கே இருபது வருடம் கழித்தும் டீக்கடையில் இது ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் பூ, தம்பி இலை, அம்மா யாருக்கும் சொல்லாமல் போட்டது என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை. ஓய்வு பெற்றபின் கொஞ்சம் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க, நாம் அறுபது வருடமாகப் போடும் ஓட்டுக்கும் அவர்கள் அன்று போட்ட ஓட்டுக்கும் இருக்கும் வித்தியாசம் புரிந்தது.

நாம் ஆளுக்கு ஓட்டுப் போடுகிறோம், கட்சிக்குப் போடுகிறோம். கேள்விக்குப் போட்டதே கிடையாது. கூட்டுறவு நெசவாளர் சங்கத்தில் இருந்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடும். சங்கத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது ஒன்று. பொதுப்பேரவையில் ஒரு தீர்மானத்துக்குக் கை தூக்குவது வேறு. நமக்கு வேண்டியவர் தலைவராக இருக்கலாம், ஆனால் அவர் கொண்டுவருகிற தீர்மானம் நம் தறிக்கு ஆகாததாக இருக்கலாம். அப்போது கை எப்படித் தூக்குவது? கோவாக்காரர்களுக்கு நேர்ந்தது அந்தச் சங்கடம்தான், ஒரு பிரதேசத்தின் அளவுக்கு.

முதலில் பின்னணி. 1961 டிசம்பர் 19-இல் கோவா விடுதலை. 451 வருடப் போர்த்துக்கீசிய ஆட்சி முடிந்தது. கோவா, டாமன், டையூ மூன்றும் சேர்ந்து ஒரு மத்திய ஆட்சிப் பகுதி. 1963 டிசம்பரில் முதல் தேர்தல், முப்பது இடம் கொண்ட சட்டசபை. இரண்டு கட்சிகள் எதிரெதிரே நின்றன. ஒன்று மகாராஷ்ட்ரவாதி கோமாந்தக் கட்சி. பெயரிலேயே கொள்கை இருக்கிறது: கோவாவை மகாராஷ்டிரத்தோடு இணைக்க வேண்டும். தலைவர் தயானந்த் பந்தோட்கர், சுரங்க முதலாளி, ஆனால் ஏழை எளியவர்களுக்கு அள்ளிக் கொடுத்த மனிதர். பாவூசாகேப் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். மற்றொன்று யுனைடெட் கோவன்ஸ் கட்சி, தலைவர் டாக்டர் ஜாக் டி செக்வேரா. அவர்கள் கொள்கை தனிக் கோவா. விடுதலை வாங்கித் தந்த காங்கிரசுக்குக் கோவாவுக்குள் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. பந்தோட்கர் முதல் முதலமைச்சர் ஆனார்.

ஜெயித்ததும் அவர் கட்சி சொன்னது: மக்கள் எங்களுக்கு ஓட்டுப் போட்டுவிட்டார்கள், ஆகவே இணைப்புக்குச் சம்மதித்துவிட்டார்கள், இனி சட்டசபையில் தீர்மானம் போட்டால் போதும். 1965-இல் கோவா சட்டசபை அப்படியே தீர்மானமும் போட்டது. மகாராஷ்டிர சட்டசபையும் போட்டது. பக்கத்து மைசூர் மாநிலம் அதை எதிர்த்தது. இரண்டு பக்கமும் காங்கிரஸ் ஆட்சி, டெல்லிக்குத் தலைவலி.

இங்கேதான் டாக்டர் செக்வேராவின் கெட்டிக்காரத்தனம். அவர் சொன்னது: பந்தோட்கருக்கு ஓட்டுப் போட்டவன் எல்லாம் இணைப்புக்குப் போட்டதாக எப்படி எடுத்துக்கொள்ளலாம்? நிலத்துக்காகப் போட்டிருப்பான், பள்ளிக்கூடத்துக்காகப் போட்டிருப்பான், பண்ணையார் மேல் கோபத்தில் போட்டிருப்பான். இதை மட்டும் தனியாகக் கேளுங்கள். கோவா காங்கிரஸ் தலைவர் புருஷோத்தம் காகோட்கரும் டெல்லியில் இதற்காக நடையாய் நடந்தார். கடைசியில் 1966 டிசம்பரில் பார்லிமெண்ட் தனிச் சட்டமே போட்டது. பந்தோட்கர் முதலமைச்சராக இருந்துகொண்டு நடத்தினால் நியாயமாக இருக்காது என்றார்கள். அவரும் டிசம்பர் தொடக்கத்தில் பதவியை விட்டு விலகினார். ஓட்டெடுப்புக்காக ஒரு முதலமைச்சர் நாற்காலியைக் காலி செய்தார் என்பதை இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்புவார்களா தெரியவில்லை.

கேள்வியை யார் எழுதுகிறார்கள் என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது. கோவாவில் பலர் விரும்பியது தனி மாநிலம். அது சீட்டில் இல்லை. மைசூரோடு சேரலாம் என்ற யோசனையும் இல்லை. இரண்டே வழி, பூ அல்லது இலை. தனி மாநிலம் கேட்டவன் இலைக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். யார் ஓட்டுப் போடலாம் என்பதிலும் சண்டை. பம்பாயில் கோவாக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வேலை பார்த்தார்கள். அவர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று செக்வேரா தரப்பு கேட்டது, கிடைக்கவில்லை.

இனி, மக்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதற்கு வருகிறேன். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பூவுக்குப் போட வேண்டும் என்றவர்களை லேசாக எடைபோடக் கூடாது. கோவாவில் நிலம் பட்கார் எனப்படும் நிலச்சுவான்தார்கள் கையில். அவர்கள் நிலத்தில் குடிசை போட்டுக்கொண்டு, அவர்கள் சொன்ன வேலையைச் செய்துகொண்டு கிடந்தவர்கள் முண்ட்கார்கள். நம் பக்கத்தில் பண்ணையார் மனைக்கட்டில் குடியிருந்தவர்கள் நிலைமை எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போர்த்துக்கீசியர் காலத்தில் படித்து உத்தியோகம் பார்த்ததும் மேல்தட்டுக்காரர்கள்தான். இந்தச் சின்ன இடம் தனியாக இருந்தால் அதே பெரிய வீட்டுக்காரர்கள்தான் மறுபடியும் ஆள்வார்கள், மகாராஷ்டிரம் போன்ற பெரிய மாநிலத்தில் சேர்ந்தால் அவர்கள் கை ஓங்காது என்று கீழ்த்தட்டு இந்துக்கள் நினைத்தார்கள். நினைத்ததில் நியாயம் இருந்தது. இந்துக்கள் வீட்டில் பேசுவது கொங்கணி, ஆனால் பஜனையும் கதாகாலட்சேபமும் படிப்பும் மராத்தியில். கொங்கணி என்பது மராத்தியின் ஒரு பேச்சு வழக்குதான், தனி மொழியே இல்லை என்று பெரிய பெரிய படிப்பாளிகள் எழுதினார்கள்.

இலைக்காரர்கள் வாதம் வேறு. மகாராஷ்டிரத்தில் சேர்ந்தால் நாம் ஒரு மூலை ஜில்லா. பக்கத்தில் இருக்கிற ரத்னகிரியைப் பாருங்கள், ஆண்பிள்ளைகள் எல்லாம் பம்பாய் மில்லுக்குப் போய்விட்டார்கள், ஊரில் மணியார்டரை எதிர்பார்த்துக் கிழவிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்று முப்பது பேர் கொண்ட சட்டசபை பனாஜியில் இருக்கிறது. நாளை மனுவைத் தூக்கிக்கொண்டு பம்பாய்க்குப் போக வேண்டும். விடுதலைக்குப் பிறகு வெளியிலிருந்து வந்த அதிகாரிகளைப் பார்த்தும் உள்ளூர் ஆட்களுக்கு மனக்கசப்பு இருந்தது. அப்புறம் மதுவிலக்கு. மகாராஷ்டிரத்தில் மதுவிலக்குச் சட்டம் இருந்தது. கோவாவில் தென்னங்கள் இறக்குபவர்கள், முந்திரிப்பழத்தில் ஃபெனி காய்ச்சுபவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களுக்கு இது மொழிப் பிரச்சினையே இல்லை, அடுப்புப் பிரச்சினை.

இதை உணர்ந்துதான் மகாராஷ்டிர அரசும் வாக்குறுதிகளை அள்ளி வீசியது. மதுவிலக்கு வராது, கொங்கணியை வளர்ப்போம், வேலையில் உள்ளூராருக்கு முன்னுரிமை. இலைக்காரர்கள் இதற்குச் சொன்ன பதில் எளிமையானது. இன்று வாக்குறுதி கொடுப்பவர் நாளை இருப்பாரா? சட்டசபைத் தேர்தலில் ஏமாந்தால் ஐந்து வருடம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். இணைந்துவிட்டுப் பிரிந்து வர முடியுமா? இந்த ஒரு வாதம் பல பேரை யோசிக்க வைத்தது என்று மட்காவில் பெரியவர்கள் சொல்லக் கேட்டேன். நிலம் விற்பதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம் போல.

பத்திரிகைகளின் சண்டை தனிக் கதை. இணைப்பை ஆதரித்தது ‘கோமாந்தக்’ என்ற மராத்தி நாளிதழ். அதை எதிர்கொள்ள இலைக்காரர்கள் தொடங்கிய பத்திரிகை ‘ராஷ்ட்ரமத்’. அதுவும் மராத்தியில்! கொங்கணியைக் காப்பாற்ற வேண்டும் என்று மராத்தியில் எழுதினார்கள். காரணம், யாரை மாற்ற வேண்டுமோ அவர்கள் படித்தது மராத்தி. கொங்கணி பற்றிக் கொங்கணியில் எழுதினால் ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர்கள்தான் படித்திருப்பார்கள். சந்திரகாந்த் கேணி அதை நடத்தினார். உதய் பெம்ப்ரே என்ற இளைஞர் ‘பிரம்மாஸ்திரம்’ என்ற தலைப்பில் பத்தி எழுதினார். மனோகர்ராய் சர்தேசாய் கவிஞர், உல்ஹாஸ் புயாவ் பாடகர். படிக்கத் தெரியாதவனுக்குப் பாட்டு, படிக்கத் தெரிந்தவனுக்குப் பத்தி. நம் ஊரில் அதே மாதம் திராவிட இயக்கத்துக்காரர்கள் மேடை, நாடகம், சினிமா என்று செய்ததும் கிட்டத்தட்ட இதே வேலைதான்.

ஜனவரி 16. ஓட்டுரிமை உள்ளவர்கள் 3,88,432 பேர். வந்து போட்டவர்கள் 3,17,633 பேர், அதாவது நூற்றுக்கு எண்பத்தொன்றுக்கும் மேல். பூவுக்கு 1,38,170. இலைக்கு 1,72,191. வித்தியாசம் 34,021. செல்லாதவை 7,272.

பாங்க் புத்தி, சும்மா இருக்காது, கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினேழாயிரத்துப் பதினோரு பேர் இலையிலிருந்து பூவுக்கு மாறியிருந்தால் கோவா இன்று மகாராஷ்டிரத்தின் ஒரு ஜில்லா. பதினேழாயிரம் என்பது என்ன, நம் ரேணுகாம்பாள் கோயில் ஆடி வெள்ளிக் கூட்டம்.

இன்னொரு கணக்கும் உண்டு, அதுதான் முக்கியம். கிறிஸ்தவர்கள் எல்லோரும் இலைக்குப் போட்டார்கள், அதனால் ஜெயித்தது என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அன்று கோவாவில் கத்தோலிக்கர்கள் நூற்றுக்கு நாற்பதுக்கும் குறைவு. இலைக்கு விழுந்ததோ நூற்றுக்கு 54. அப்படியானால் இந்துக்கள் கணிசமாக இலைக்குப் போட்டிருக்கிறார்கள். அதில் பந்தோட்கர் கட்சிக்கு 1963-இல் போட்டவர்களும் இருந்தே ஆக வேண்டும்.

இது வெறும் ஊகம் இல்லை என்பதற்கு அடுத்து நடந்தது சாட்சி. சில வாரங்களில் கோவா சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. இணைப்பு ஓட்டெடுப்பில் தோற்ற கட்சி மண்ணைக் கவ்வும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். நடந்தது என்ன தெரியுமா? பந்தோட்கர் கட்சிக்கு 16 இடம், செக்வேரா தரப்புக்கு 12. பாவூசாகேப் மறுபடியும் முதலமைச்சர். 1973 ஆகஸ்டில் இறக்கும்வரை அவர்தான் முதலமைச்சர், அதற்குப்பின் அவர் மகள் சசிகலா காகோட்கர்.

அதாவது அந்த ஜனங்கள் சொன்னது: ஐயா, நீங்கள்தான் எங்களுக்கு வேண்டும், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சொல்வது வேண்டாம். இரண்டையும் சில வார இடைவெளியில், குழப்பமே இல்லாமல் சொல்லிவிட்டார்கள். படிப்பறிவு இல்லாதவர்கள், கள் இறக்குபவர்கள், பட்கார் தோட்டத்துக் கூலிக்காரர்கள். குத்தகைச் சட்டத்தை 1964-இல் போட்டதே பனாஜியில் பந்தோட்கர் சட்டசபைதான். நல்ல சட்டம் இங்கேயே வருகிறதே, அதற்காகப் பம்பாய் எதற்கு என்று சிலராவது நினைத்திருப்பார்கள் என்பது என் எண்ணம். தன் ஆட்சி நன்றாக நடந்ததே தன் கொள்கையைத் தோற்கடித்தது. பந்தோட்கரின் விதி அப்படி.

நம் தேசத்தில் இப்படிக் கேட்டது அபூர்வம். பக்கத்துப் புதுச்சேரியில் 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் ஓட்டெடுப்பு நடந்தது, 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேரச் சொன்னார்கள். ஆனால் போட்டவர்கள் பிரதிநிதிகள், ஜனங்கள் இல்லை. 1949-இல் சந்திரநாகூரில் ஜனங்களே போட்டார்கள், ஏழாயிரத்துக்கு மேல் ஆதரவு, எதிர்ப்பு 114. 1948-இல் ஜூனாகத், 1975-இல் சிக்கிம். இவற்றில் எல்லாம் முடிவு முன்கூட்டியே தெரிந்ததுதான். உட்கார்ந்து யோசித்து, அடுத்த வீட்டுக்காரனோடு சண்டை போட்டு, கடைசி நாள்வரை எப்படிப் போகும் என்று தெரியாமல் நடந்தது கோவா ஒன்றுதான்.

நம் வட ஆற்காட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1911-இல் சித்தூரைப் பிரித்து ஜில்லா ஆக்கினார்கள். வடக்கெல்லைப் போராட்டம் நடந்து, ம.பொ.சி. சிறைக்குப் போய், படாஸ்கர் கமிஷன் உட்கார்ந்து, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி நமக்கு வந்தது, சத்தியவேடு பக்கம் அந்தப்புறம் போனது. எல்லாம் கிராமம் கிராமமாக மக்கள்தொகைக் கணக்கில் என்ன மொழி எத்தனை பேர் என்று பார்த்து முடிவு செய்தது. எந்தக் கிராமத்திலும் பெட்டி வைத்துக் கேட்கவில்லை. 1989-இல் நம் ஜில்லாவை இரண்டாக வெட்டித் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்று பெயர் வைத்தபோதும் யாரும் கேட்கவில்லை. சம்புவராயர் தலைநகரம் நம் படைவீடு என்பதால் பெயரில் நமக்குச் சந்தோஷம், அந்தப் பெயரும் பிறகு போய்விட்டது.

நம் அரசியல் சட்டத்தில் ஜனங்களிடம் நேராகக் கேள்வி கேட்கும் ஏற்பாடு கிடையாது. 1978-இல் ஜனதா அரசு, அரசியல் சட்டத்தின் அடிப்படையை மாற்றுவதென்றால் மக்களிடம் ஓட்டெடுப்பு நடத்த வேண்டும் என்று ஒரு ஷரத்துக் கொண்டுவந்தது. ராஜ்யசபாவில் அது தோற்றுப்போயிற்று. கலிபோர்னியாவில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் பார்த்திருப்பீர்கள், தேர்தல் வந்தால் ஒரு புத்தகம் வீட்டுக்கு வரும். சொத்துவரியா, பள்ளிக்கூடக் கடனா, ஒவ்வொரு கேள்விக்கும் ஆதரவு வாதம், எதிர் வாதம், செலவு எவ்வளவு எல்லாம் அச்சடித்து. 1911 முதல் அங்கே அப்படி. 1978-இல் சொத்துவரிக்கு உச்சவரம்பு வைத்ததும் இப்படி ஜனங்கள் போட்ட ஓட்டுதான். அதனால் பள்ளிக்கூடத்துக்குப் பணம் போதவில்லை என்று இன்றும் அங்கே புலம்புகிறார்கள். எல்லாக் கேள்வியையும் ஜனங்களிடம் கேட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் சிலர் அந்தப் புத்தகத்தைப் பிரிக்காமலே குப்பையில் போடுவதையும் பார்த்திருக்கிறேன்.

கோவாவில் யாருக்கும் புத்தகம் வரவில்லை. பூவும் இலையும், ஒரு மாத அவகாசமும்தான் இருந்தன.

சீட்டில் அச்சடிக்காத அந்த மூன்றாவது பதில் வர இருபது வருடம் ஆயிற்று. 1987 பிப்ரவரியில் கொங்கணி ஆட்சிமொழி ஆனது, மராத்தியையும் அரசுக் காரியங்களுக்கு வைத்துக்கொண்டார்கள். அதே வருடம் மே 30-ஆம் தேதி கோவா தனி மாநிலம். டாமனும் டையூவும் பிரிந்து மத்திய ஆட்சியிலேயே நின்றன. மட்காவில் பூவுக்குப் போட்ட ஒரு பெரியவர், தேங்காய் மண்டி வைத்திருந்தவர், இதைப் பற்றிக் கேட்டால் இரண்டு மாதிரியும் பேசுவார். மாநிலம் ஆனது நல்லதுதான் என்பார். அடுத்த வாய்க்கு, பேரன் மராத்தி படிக்க மாட்டேன் என்கிறான் என்பார்.